வெத்திலைப் பிளேனின் மூச்சு

எஞ்சினுக்கு அடியில் வைத்த தகரத் தட்டு காய்ந்து கிடந்தது.

ஜெபசிங்குக்கு அதுதான் முதலில் சரியாகப் படவில்லை. எஞ்சின் என்றால் ஆயில் குடிக்கத்தான் செய்யும். கொஞ்சம் ஒழுகும், கொஞ்சத்தைப் புகையாக விடும், அதெல்லாம் குற்றமில்லை. ஒழுகாத எஞ்சினைக் கண்டால்தான் பயப்படணும், உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்று அவன் பிட்டர் வேலை படித்த பெங்களூர் ஒர்க்‌ஷாப்பில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் நேற்றுப் பொழுது சாயும்போது தொட்டி நிறைய ஊற்றி, அளவுக்கம்பியை விட்டுப் பார்த்து, மூடியைத் திருகி இறுக்கிவிட்டுத்தான் படுக்கப் போனான். இன்று காலை கம்பியை உருவினால் பாதிதான் நனைந்திருக்கிறது. இடையில் எஞ்சின் ஓடவில்லை. யாரும் தொடவில்லை. தொடுவதற்கு அங்கே ஆளும் கிடையாது.

குனிந்து தட்டை விரலால் தடவினான். உப்புத் தூசிதான் ஒட்டியது.

முள்ளக்காட்டுக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில், சண்டைக் காலத்தில் அவசர அவசரமாகச் சமப்படுத்திய ஓடுபாதை அது. சண்டை முடிந்து பட்டாளம் போய்விட்டது. ஒரு தகரக் கொட்டகையும், காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டி, கிழிந்து தொங்கும் காற்றுப்பையும்தான் மிச்சம். நாலு பக்கமும் வெள்ளை. பகலெல்லாம் உப்புத்தரை கண்ணைக் குத்தும், தகரம் வெயிலில் விரிந்து டக், டக் என்று முறியும், காற்று கடலிலிருந்து பாசி வாடையையும் அளத்திலிருந்து காய்ந்த உப்பின் வாடையையும் மாறி மாறிக் கொண்டுவந்து கொட்டகைக்குள் போட்டுவிட்டுப் போகும். மனிதக் குரல் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை எடுக்க வேண்டும். பேசாமலே இருந்து இருந்து, சில சாயங்காலம் அவன் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால், வேறு யாரோ பேசியது மாதிரி அவனே திரும்பிப் பார்ப்பான்.

ஊரில் எல்லோரும் அதை வெத்திலைப் பிளேன் என்றார்கள். கப்பலில் போனால் வாடிப்போகிற ஆத்தூர் வெற்றிலையைப் பறித்த அன்றைக்கே கொழும்புக்காரன் வாயில் போட வைக்கிறேன் என்று சவால் விட்டு, முதலாளி செந்தூர்பாண்டி ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்து விமானம். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. முன்னால் வெற்றிலைக் கூடை உட்காரும், பின்னால் பொன்னுதுரை உட்காருவான். பொன்னுதுரை ஜெபசிங்கின் தங்கை கிருபையின் புருஷன். கொட்டகை சின்னது என்பதால் விமானத்தின் மூக்கு மட்டும் தகர நிழலுக்குள் நிற்கும், இறக்கைகள் வெளியே. காற்று புரட்டிப் போடாமல் இருக்க, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு கயிறு போட்டு முளையில் கட்டியிருந்தான். சங்கு குளிக்கிற ரோச்சிடம் மலிவாகக் கிடைத்த பழைய கயிறு. எவ்வளவு வெயில் அடித்தாலும் அவை தொட்டால் ஈரமாகவே இருக்கும். உப்பு ஊறிய கயிறு அப்படித்தான் என்று விட்டுவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெளியே வரும்போது கிருபை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் மாசம்.

“அண்ணே, அவுக மேல கெளம்புனா வயித்துல கெடக்குற புள்ளயும் சேந்து மூச்ச அடக்குது. நீ பாத்தாச்சுன்னு சொன்னாத்தான் எனக்குத் தண்ணியே எறங்கும்.”

“ஏளா, நான் பாக்காம அது தரைய விட்டு எந்திரிக்குமா?” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இப்போது தகரத் தட்டைப் பார்த்தபடி நிற்கும்போது ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை கொழும்புப் பயணம். பாதி வழியில் கடல் மட்டும்தான். ஆயில் இல்லாத எஞ்சின் கொஞ்ச நேரம் பாடும், பிறகு கத்தும், பிறகு ஒரே அடியாக இறுகி நின்றுவிடும். கீழே தண்ணீர்.

அந்த எஞ்சின் தலைகீழ் வகை. சிலிண்டர் நாலும் கீழ்நோக்கித் தொங்கும். நிற்கும் நேரத்தில் தொட்டி ஆயில் மெல்ல வடிந்து சிலிண்டருக்குள் இறங்குவது உண்டு. அவன் பிளக்குகளைக் கழற்றினான். நாலும் உலர்ந்திருந்தன. குழாய் மூட்டுகளைத் தடவினான். பம்ப்பைச் சுற்றித் துணியால் துடைத்தான். துணி சுத்தமாக வந்தது. ஆயில் எங்கேயும் போகவில்லை. ஆனால் இல்லை.

மதியம் பொன்னுதுரை தூக்குச்சட்டியோடு சைக்கிளில் வந்து இறங்கினான். ஆள் வரும் முன்னே அவன் சீட்டியடிப்பு வந்துவிடும்.

“என்ன மச்சான், மறுபடியும் ஊத்துதீரா? எஞ்சினுக்கு ஊத்துத ஆயில வாணலியில ஊத்துனா ஊருக்கே வடை சுட்டுப் போட்டிருக்கலாம்.”

“வெளயாடாதீரும் மாப்ள. ஒழுகுத எடத்தையே காணோம்.”

“ஒழுக்கு இல்லன்னா சந்தோசப்படும். ஒழுகுதுன்னா அழுதீரு, ஒழுகலன்னாலும் அழுதீரு. ஒம்ம தங்கச்சியும் இப்பிடித்தான்.” தூக்குச்சட்டியை ஆணியில் மாட்டினான். “மொதலாளி என்ன சொல்லுதாருன்னா, இந்த வெள்ளி போகலன்னா கொழும்புக்காரன் பழையபடி கப்பலுக்கே போயிருவானாம். நம்ம ரெண்டு பேரும் வெத்தல கட்டப் போக வேண்டியதுதான்.”

“கட்டுனா என்ன? தரையில இருந்து கட்டலாம்லா.”

பொன்னுதுரை சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு தோளில் தட்டினான். “நீரு சரின்னு சொன்னா நான் ஏறுவேன். வேண்டாம்னா ஏறமாட்டேன். அவ்வளவுதான் மச்சான் கணக்கு.”

சைக்கிள் வெள்ளைக்குள் சின்னதாகிச் சின்னதாகிப் போனது. சீட்டியும் போனது.

சாயங்காலம் ஜெபசிங் ஒர்க்‌ஷாப்பில் படித்த வித்தை ஒன்றைச் செய்தான். எஞ்சின் முழுவதையும் பெட்ரோலில் கழுவி, உலரவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பைத் துணியில் முடிந்து, மாவு மாதிரி மேலெல்லாம் தட்டித் தட்டிப் பூசினான். எங்கே ஆயில் கசிந்தாலும் வெள்ளையில் கறுப்புக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். பூசி முடித்தபோது எஞ்சின் கல்லறைத் தோட்டத்துச் சிலை மாதிரி நின்றது. அதற்கு முதுகைக் காட்டி நடக்க அவனுக்கு மனம் வரவில்லை. பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான்.

காலையில் தொட்டி மறுபடி பாதி. தட்டு காய்ந்திருந்தது. சுண்ணாம்பு ஒரு தூசிகூடக் கலையவில்லை, ஒரே ஒரு இடம் தவிர. எஞ்சின் வயிற்றுக் காற்றை வெளியே விடுவதற்கென்று கீழ்நோக்கி ஒரு குழாய் உண்டு. பிரீதர் குழாய் என்பார்கள். அதன் வாயைச் சுற்றி மட்டும் சுண்ணாம்பு இல்லை. வட்டமாக, ஈரமாக, வாய் வைத்து உறிஞ்சியது மாதிரி துடைத்திருந்தது.

ஜெபசிங் மண்டியிட்டான். தரையில் காய்ந்த வெற்றிலைத் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துக் குழாய் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

வெற்றிலை போய் ஒட்டிக்கொண்டது.

கையை எடுத்தான். அது விழவில்லை. பரமண்டல ஜெபம் ஒருதரம் சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு குழாயிலிருந்து காற்று வந்தது. மெல்ல, நீளமாக, வெதுவெதுப்பாக. வெற்றிலை விழுந்தது. கூடவே ஒரு வாடை. ஆயில் வாடை இல்லை. சிப்பியைக் குவித்து அழுக விடும் கரையில், காற்று திரும்பும்போது வருமே, மூக்குக்குள் புகுந்தால் சோற்றிலும் மணக்குமே, அந்த வாடை.

வெயில்தான், என்று சொல்லிக்கொண்டான். தகரம் சூடேறினால் உள்ளே காற்று விரியும், வெளியே வரும். குளிர்ந்தால் சுருங்கும், உள்ளே போகும். பௌதிகம். நாசரேத்துப் பள்ளியில் வாத்தியார் சைக்கிள் டியூபை வைத்துக் காட்டியது.

ஒரே வெயிலில் இரண்டும் எப்படி நடக்கும் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது பில்டர். ஆயில் வடிகட்டும் சல்லடையைக் கழற்றி வெயிலில் பிடித்தால் எஞ்சினின் உடம்பு தெரியும். வெண்கலத் தூள் வந்தால் ஒரு நோய், வெள்ளி மாதிரி மினுங்கினால் வேறொரு நோய். சல்லடையில் உலோகமே இல்லை. மணல் இருந்தது. சிப்பித் தூள் இருந்தது. ஓரத்தில் மெல்லிசாக, வளைவாக, கண்ணாடி மாதிரி ஒரு சிப்பித் தகடு ஒட்டியிருந்தது.

மணல் எப்படி வந்தது? இந்த எஞ்சினை அவன்தான் அக்கக்காகப் பிரித்துத் துடைத்து மாட்டினான். விமானத்தோடு வந்த எஞ்சின் சீரழிந்து கிடந்ததால், துறைமுகத்துப் பழைய இரும்புக்காரன் ஒருவனிடம் முதலாளி வேறு எஞ்சின் வாங்கினார். கிடங்கிலேயே இருந்தது, ஓடவே ஓடாதது என்று சொல்லித்தான் விற்றான்.

கடலில் கிடந்த எஞ்சின்.

அந்த நினைப்பு வந்ததும் அவன் தகட்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தான். ரோச் கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். கடலுக்குள் இறங்கி இறங்கிக் கண் இரண்டும் சிவந்தே போன மனுஷன்.

“வாரும் பிட்டரே. மேல பறக்குதவருக்குக் கீழ என்ன சோலி?”

“அண்ணாச்சி, சண்ட நேரத்துல இங்கன கடல்ல பிளேன் ஏதும் விழுந்துச்சா?”

ரோச்சின் பீடி பாதி வழியில் நின்றது.

“விழுந்துச்சு. வெள்ளக்காரன் தப்பிச்சிட்டான். மறுநாளே எஞ்சின எடுக்கணும்னு ஆள் கேட்டாவ. எங்ககூடச் சங்கு குளிக்குத செபாஸ்டினும், அவன் தங்கச்சி புருசனும் போனாவ. முங்குனது தங்கச்சி புருசன். கயிறு பிடிச்சது செபாஸ்டின்.”

“ஏன் அப்பிடி?”

“அப்பிடித்தான். கயித்தப் பொண்டாட்டிகூடப் பொறந்தவன் கையிலதான் குடுப்போம். கூடப் பொறந்தவ தாலி அந்தக் கையிலல்லா இருக்கு, விடுவானா?” ரோச் கடலைப் பார்த்துப் பேசினான். “கயிறு ரெண்டு. ஒண்ணு எஞ்சின்ல கட்ட, ஒண்ணு ஆளு இடுப்புல. கீழ இருந்து ரெண்டு சொடுக்கு இழுத்தா, ஆளத் தூக்குன்னு அர்த்தம். அன்னைக்கு நீவாடு கடுசு, அடியில தண்ணி இழுத்துட்டு ஓடுது. வள்ளம் சுத்திட்டு, கயிறு ரெண்டும் மாறிப்போச்சு. ரெண்டும் ஒண்ணாச் சொடுக்குச்சாம். செபாஸ்டின் பதறி ஒண்ண இழுத்தான். மூச்சக் குடுத்து இழுத்தான். வந்தது எஞ்சின்.”

“மற்றது?”

“லேசா வந்துச்சு. சும்மா கயிறு.”

அலை வந்து வள்ளத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

“எஞ்சின நல்ல தண்ணியில கழுவி, எண்ணெயில முக்கி வச்சாவ. அப்பறம் எவனோ வித்துத் தின்னுட்டான். செபாஸ்டின் இப்பமும் குடிசையிலதான் கெடக்கான். சோறு ஊட்டிவிடணும். ரெண்டு கையையும் பொத்தியே வச்சிருப்பான், பிட்டரே. வைத்தியரு வந்து விரிச்சுப் பாத்தாரு. விரிய மாட்டேங்குது.”

ஜெபசிங் காகிதத்தை எடுத்துப் பிரித்து நீட்டினான். “இது என்ன சிப்பி அண்ணாச்சி?”

ரோச் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தான். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

“சேசுவே. இது சிப்பி இல்லய்யா. நகம்.”

காகிதம் காற்றில் படபடத்தது.

“ஒமக்கு நான் வித்த கயிறு,” என்று ரோச் மெல்ல ஆரம்பித்தான். “அது அன்னைக்குக் கட்டுன அதே ரெண்டும்தான், செபாஸ்டின் வீட்டுல இருந்து எடுத்தது. சும்மாதான கெடக்குன்னு எடுத்தேன். அவிழ்த்துக் கடல்ல போட்டுரும்.”

எழுந்து திரும்பிய ரோச்சிடம், எப்படியாவது வேறு பேச்சுப் பேச வேண்டும் என்று ஜெபசிங் கேட்டான். “அவ்வளவு நேரம் எப்பிடி அண்ணாச்சி மூச்சு அடக்குதீய?”

“அடக்குதது பெருசில்ல. இழுக்குததுதான். முங்கதுக்கு முன்ன வள்ளத்துல இருந்து இழுத்து இழுத்து விடுவோம். கடைசில ஒண்ணு, ஆழமா. அதுக்கப்பறம் சத்தமே வராது. சத்தம் நின்னுட்டுன்னா எறங்கப் போறான்னு அர்த்தம்.”

கொட்டகைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. இந்தக் கரையில் சூரியன் நிலத்துப் பக்கம் விழும், கடல்தான் முதலில் இருட்டும். கொட்டகையின் நிழல் உப்புத்தரையில் நீண்டு நீண்டு கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே, எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இப்போது குழாய்க்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். வாசலிலிருந்தே கேட்டது. இழுத்து. விட்டு. இழுத்து.

எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். புரொப்பெல்லர் இலையைப் பிடித்துக் கையால் சுற்றினான். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ஒரு இடத்தில் முட்டும், அதைத்தான் பார்க்க வேண்டும், வேறொன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சுற்றினான். ஒரு சுற்று லேசாக வந்தது. அடுத்ததில் பாதியில் நின்றது. முட்டி நிற்கவில்லை. கனமாக நின்றது. அடியில் ஏதோ தொங்குகிற மாதிரி.

பிறகு அந்த இலை அவன் கைக்குள்ளேயே, எதிர்ப்பக்கமாக, சொடுக்கியது.

ஒன்று.

இரண்டு.

அவன் கையை விட்டான். மூச்சுச் சத்தம் நின்றது. காத்திருக்கிற மாதிரி நின்றது. அப்புறம் மெல்ல, நொந்துபோன மாதிரி, விட்டது.

ஜெபசிங் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினான். கிருபை வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. உள்ளே பொன்னுதுரை ஏதோ சொல்ல, அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. வாசலில் நின்றான். என்ன சொல்வான்? எஞ்சின் மூச்சு விடுகிறது என்றா? செத்தவன் கயிறு இழுக்கிறான் என்றா? உபதேசியார் மகன், பட்டாளத்துச் சான்றிதழ் வாங்கிய பிட்டர்! பொன்னுதுரை ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கதவைத் தட்டாமலே திரும்பினான்.

விடிந்ததும் விடாமல் தேடினான். ஏதாவது கிடைக்க வேண்டும். கையால் தொடக்கூடிய ஏதாவது. ஆயில் தொட்டியையே கழற்றி இறக்கினான். தொட்டி உட்காரும் பட்டைக்கு அடியில் அதிராமல் இருக்க ஒரு கம்பளித் துண்டு வைத்திருக்கும். அதை எடுத்தான். கறுப்பாக, கனமாக, சொதசொதவென்று ஆயில் ஊறியிருந்தது. தொட்டியின் அடித் தையலில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

ஜெபசிங் தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான். தகரத்தில் பட்டுத் திரும்பி வந்த சிரிப்பு அவனுக்கே இனிமையாக இருந்தது. கசிந்த ஆயிலைக் கம்பளி குடித்திருக்கிறது, தட்டில் எப்படிச் சொட்டும்? மணல், இரும்புக்காரன் சரியாகக் கழுவாமல் விட்டது. நகம், பிரித்து மாட்டின அன்றைக்குத் தன் நகமே உடைந்திருக்கும். இலை சொடுக்கியது, அமுங்கின காற்று திருப்பித் தள்ளியது. எல்லாம் வரிசையாக வந்து தன் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கம்பளி மொத்தமாகப் பிழிந்தாலும் ஒரு டம்ளர் ஆயிலுக்கு மேல் வராது. அது அவனுக்குத் தெரியும். அதை மட்டும் எந்த இடத்திலும் உட்கார வைக்காமல் எழுந்தான்.

தையலை ஈயம் வைத்து அடைத்தான். புதுக் கம்பளி வைத்தான். தொட்டி நிறைய ஊற்றினான். கயிற்றை அவிழ்த்துக் கடலில் போடவில்லை. வேறு கயிறு இல்லை, அன்றைக்குக் காற்றும் அதிகம்.

வெள்ளிக்கிழமை காலை அளவுக்கம்பியை உருவினான். நிறைந்திருந்தது. எட்ட நின்றே காதைக் கொடுத்தான். கொட்டகை அமைதி. பக்கத்தில் போய் பிரீதர் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தான். காற்று இல்லை. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கல் மாதிரி அசையாமல் இருந்தது.

“ஆச்சு,” என்றான் வாய்விட்டு. “சரியாப்போச்சு.”

வெற்றிலைக் கூடை ஆத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது சாயங்காலமே ஆகிவிட்டது. ஈரச் சாக்கு மூடிய கூடையைத் தூக்கி முன் இருக்கையில் வைத்துக் கட்டினார்கள். பொன்னுதுரை தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, கூடையைப் பார்த்துக் கும்பிட்டான்.

“ஏறிட்டாளா மகாராணி? மச்சான், இவளுக்குத்தான் முன் சீட்டு, எனக்குப் பின் சீட்டு. கலியாணத்துலயும் இப்பிடித்தான் ஆச்சு.”

ஜெபசிங் புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி வந்தது. எங்கும் முட்டவில்லை. எங்கும் கனக்கவில்லை.

“கிருபை கேட்டா என்ன சொல்ல?” என்றான் பொன்னுதுரை. இப்போது சிரிக்கவில்லை.

“பாத்தாச்சுன்னு சொல்லும்.”

“இன்னைக்குக் காலையிலேயே சொல்லிட்டேன். தண்ணி குடிச்சா.”

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஜெபசிங் இரண்டு பக்கமும் கயிற்றை அவிழ்த்து முளையோரம் சுருட்டிப் போட்டான். விமானம் குலுங்கிக் குலுங்கி வெள்ளைத் தரையில் ஓடி, ஒரு கட்டத்தில் குலுக்கம் நின்று, கடல் மேல் ஏறியது. பொன்னுதுரையின் கை ஒருமுறை அசைந்தது தெரிந்தது. பிறகு சத்தம் மட்டும். நல்ல சத்தம். நிதானமான, வழவழப்பான சத்தம். அது தேய்ந்து கொசு ரீங்காரம் ஆகும் வரைக்கும் நின்று கேட்டான். மூன்று நாளாக மார்பில் இருந்த பாரம் இறங்கியது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ஆழமாக.

அந்த மூச்சை அவன் விடவில்லை.

கடைசில ஒண்ணு, ஆழமா. அதுக்கப்பறம் சத்தமே வராது.

காலையில் உள்ளங்கையில் காற்று படவில்லை. குழாய் ஆறியிருக்கவில்லை. நோய் தீர்ந்திருக்கவில்லை. அது மூச்சை இழுத்து முடித்து, அடக்கிக்கொண்டு, இறங்கக் காத்திருந்தது.

அவன் கொட்டகைக்குள் ஓடினான். எதற்கு என்று தெரியவில்லை. கொடியா, துணியா, எதையாவது அசைக்கவா? மூக்கு நின்ற இடம் காலியாகக் கிடந்தது. அடியில் தகரத் தட்டு.

தட்டு நிறைந்திருந்தது.

விளிம்பு வரைக்கும். கறுப்பாக. வெதுவெதுப்பாக. அவன் ஊற்றிய ஆயில். நேற்று ஊற்றியதும், அதற்கு முன்னால் ஊற்றியதும், எல்லாமும். ஒரு சொட்டு குறையாமல். அதன் மேல்பரப்பில் அவன் முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே, ஆழத்திலிருந்து, ஒரே ஒரு குமிழி ஏறி வந்து உடைந்தது.

சிப்பி வாடை.

“மாப்ள!” என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினான். “மாப்ள, திரும்பும்! திரும்பும்!”

கடலுக்கு மேலே, எங்கோ தூரத்தில், சத்தம் ஒருமுறை உயர்ந்தது. கத்தியது. நின்றது.

காற்றுப்பை துணி படபடக்கவில்லை. தகரம் முறியவில்லை. அலைகூட இல்லை. அவ்வளவு பெரிய வெள்ளையில் அவன் ஒருவன். சூரியன் முதுகுக்குப் பின்னால் அளத்தில் விழுந்துகொண்டிருந்தது. முன்னால் கடல் இருட்டிவிட்டது. அவன் நிழல் அதுவரைக்கும் நீண்டிருந்தது.

சர்ர்ர் என்று ஒரு சத்தம்.

காலடியில். முளையோரம் சுருட்டிப் போட்ட கயிறு, சுருள் சுருளாக அவிழ்ந்து, உப்புத்தரை மேல் ஓடிக்கொண்டிருந்தது. கடலை நோக்கி. அந்தப் பக்கத்துக் கயிறும். கட்டின இறக்கையிலிருந்து முளைக்கு எட்டுகிற அளவுதான் அந்தக் கயிறு. ஓடிக்கொண்டே இருந்தது. முடியவில்லை. ஓடுபாதையைத் தாண்டி, ஈர மணலைத் தாண்டி, தண்ணீருக்குள் போய், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்து, மறைந்து, விறைத்து நின்றன. இரும்பு முளைகள் முனகின. ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது.

அவன் பாய்ந்து பிடித்தான். வலது கையில் ஒன்று. மற்ற முளையும் பிடுங்கியது. இடது கையில் ஒன்று.

கனம். இரண்டிலும் ஒரே கனம்.

“எது மாப்ள?” என்றான். “எது நீரு?”

வலது கயிறு சொடுக்கியது. இரண்டு தரம்.

இடது கயிறு சொடுக்கியது. இரண்டு தரம்.

ஒன்றைத்தான் முதலில் இழுக்க முடியும். இரண்டு கையும் ஒரு கயிற்றுக்கு வேண்டும். மற்றதை விட வேண்டும். அவன் குறுக்கே விழுந்த இடத்தைப் பார்த்தான். தண்ணீருக்கு அடியில். தெரியவில்லை. கடல் ஆயில் போலக் கறுத்து, வழவழத்து, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. மூச்சு மாதிரி.

கிருபை தண்ணீர் குடித்திருப்பாள்.

மறுபடியும் சொடுக்கு. இப்போது வேகமாக. இரண்டும். ஒரே நேரத்தில்.

அவன் விரல்கள் மூடிக்கொண்டன.